மரணப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியை நிரப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "அந்த நோய் ஏழை, பணக்காரர் என்று பார்க்கவில்லை" என்று செட்டிநாட்டுப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். கிருமிக்கு அந்தப் பேதம் தெரியாதுதான். அதை வைத்து, சாவும் எல்லார் வீட்டிலும் ஒரே அளவில் விழுந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கெல்லாம் ஆட்களைப் பிரித்து ஒழுங்காக எண்ணினார்களோ அங்கெல்லாம் கணக்கு வேறு மாதிரிதான் வந்திருக்கிறது. நம் ஊரில் எண்ணவில்லை. அடுத்த தொற்று வருவதற்குள், மரணத்தைப் பதிவு செய்யும் படிவத்தை வைத்தே எண்ணத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

1918-இல் இன்ஃபுளுயென்சா வந்தபோது பம்பாய் நகரில் சமூகவாரியாக ஒரு கணக்கு எடுத்தார்கள். 1,000 பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், சாதி இந்துக்களில் 18.9 பேர், முஸ்லிம்களில் 19.2 பேர் இறந்திருந்தார்கள். 'தாழ்ந்த சாதி' என்று அன்றைய ஆங்கில அரசு குறித்துவைத்த மக்களில் 61.6 பேர். ஒரே நகரம், ஒரே நோய், ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த ஆண்டு மழையும் பொய்த்துத் தானிய விலையும் ஏறியிருந்தது.

நூறாண்டு கழித்தும் அது மாறவில்லை. இங்கிலாந்தில் 2020 மார்ச் முதல் மே வரை, வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, மிகப் பின்தங்கிய பகுதிகளில் லட்சத்துக்கு 128.3 பேரும் மிக வசதியான பகுதிகளில் 58.8 பேரும் கொரோனாவில் இறந்தார்கள். மருத்துவம் எல்லாருக்கும் இலவசமாக இருக்கும் நாட்டிலேயே இரண்டு மடங்கு. சென்னையில் 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட ஏறத்தாழ 26,000 மரணங்கள் கூடுதலாகப் பதிவாகின. ஆயிரம் பேருக்கு ஐந்து பேர். வசதி குறைந்த பகுதிகளில் அந்தச் சுமை மேலும் கூடுதல். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவை வைத்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, 2020 என்ற ஒரே ஆண்டில் ஆயுள் எதிர்பார்ப்பு எவ்வளவு சரிந்தது என்று கணக்கிட்டது. உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 ஆண்டு, பட்டியல் சாதியினருக்கு 2.7, பழங்குடியினருக்கு 4.1, முஸ்லிம்களுக்கு 5.4. ஆண்களுக்கு 2.1 என்றால் பெண்களுக்கு 3.1. மத்தியச் சுகாதாரத் துறை இந்த ஆய்வை ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். மறுப்பதற்காவது மாவட்டம் மாவட்டமாக, தொழில்வாரியாக ஓர் எண் கையில் இருக்க வேண்டாமா?

இந்த வித்தியாசம் எப்படி உண்டாகிறது? தொற்று வந்து ஒட்டும் வாய்ப்பு ஒன்று. ஒட்டியபின் அது முற்றும் வாய்ப்பு இன்னொன்று. முற்றியபின் சிகிச்சை கிடைக்காமல் போகும் வாய்ப்பு மூன்றாவது. இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஆபத்து ஒன்றரை மடங்குதான் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 3.4 மடங்கு ஆகிவிடுகிறது. எந்த இடத்திலும் பெரிய அநியாயம் நடந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது. முடிவில் மட்டும் பிணங்களின் எண்ணிக்கை மூன்று மடங்காக நிற்கும்.

முதலில் வீட்டைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று தெருவுக்குத் தெரு நீளும் நம் பெரிய வீடுகளின் முற்றம் வானம் பார்த்தது. சூடான காற்று மேலே போகும், புதுக் காற்று உள்ளே வரும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்துவிடலாம். அதே தெருக்கோடியில் 10 அடிக்கு 12 அடி, 8 அடி உயரம், மேலே சிமெண்ட் அட்டை போட்ட ஓர் அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். அந்த அறையின் கொள்ளளவு 960 கன அடி, அதாவது சுமார் 27 கன மீட்டர். ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆறு பேருக்கு மணிக்கு 216 கன மீட்டர். அப்படியென்றால் அந்த அறையின் காற்று முழுவதும் மணிக்கு எட்டு முறை மாற வேண்டும். கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் ஒரு முறை மாறுவதே அபூர்வம். கூரை விசிறி இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்குமே தவிர மாற்றாது. வேறு வழியில்லாதவர்கள் மேசை விசிறியை ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைக்கலாம். விசிறியைச் சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளிய காற்று அந்தச் சந்து வழியாகவே திரும்ப உள்ளே வந்துவிடும்.

எத்தனையோ பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்க, நோயாளியைத் தனியே படுக்க வைக்க இடமில்லாமல் போகிறது. கேட்டால் தரமாட்டார்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில். தொற்று உச்சத்தில் இருக்கும்போது அத்தனை பேரின் சம்மதத்தை வாங்க முடியாது. தொற்று இல்லாத காலத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்த மண்டபம், எந்த விடுதி, எந்தப் பள்ளி, எத்தனை கட்டில், எத்தனை கழிப்பறை, சாவி யாரிடம் என்று ஊராட்சிதோறும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

அடுத்தது கூலி. புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவரும், ஆத்தங்குடிக் கல் வார்ப்பவரும், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவரும் செய்வது வீட்டிலிருந்து செய்யும் வேலையில்லை. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் 14 நாள் தனிமைக்கு 7,000 ரூபாய் நட்டம். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் 14,000. ரேஷன் அரிசி இருக்கும். சிலிண்டருக்கும் பாலுக்கும் குழுக் கடன் தவணைக்கும் யார் தருவது? 2021 மே, ஜூனில் தமிழக அரசு அரிசி அட்டைக்கு 2,000 வீதம் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவாக வந்த பணம், காய்ச்சல் வந்த அன்று வந்த பணம் அல்ல. இந்த நோய் அதிகம் பரவுவது அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அறிகுறி வந்து ஐந்து நாள் வரை. பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆனால் பரவுகிற காலத்தில் பாதி அதிலேயே போய்விடும். அந்த நாட்களில் அவர் வேலைக்குப் போய்த்தான் இருப்பார், போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆகவே கூலிக்கு ஈடான பணத்தை, சளி மாதிரி எடுத்த அன்றே கையில் கொடுக்க வேண்டும். முடிவு 'இல்லை' என்று வந்தால் இரண்டு நாள் கூலியோடு போயிற்று, அரசுக்கு அது பெரிய செலவில்லை.

தொற்று முற்றுவதில் பெரும்பங்கு சர்க்கரைக்கும் பிரஷருக்கும். தமிழ்நாட்டில் 2020-இல் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேர் கட்டுப்பாடு இல்லாமல் தொற்றை எதிர்கொண்டார்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் கொரோனாவில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது 45 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. அதோடு விறகடுப்புப் புகையிலும் ஆலைத் தூசியிலும் ஆண்டுக்கணக்காக அடிபட்ட நுரையீரல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடத்தில் சரியான மருந்து. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தது என்பதை மட்டும் எண்ணாமல், சர்க்கரை அளவு இறங்கியதா என்று எண்ண வேண்டும். பேருந்து நின்றுபோகும் காலத்துக்காக ஒவ்வொரு நோயாளியிடமும் இரண்டு மாத மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும்.

இனி சிகிச்சை. அந்த இரு மாநில ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. இறந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்தாறு நாட்களில் இறந்திருந்தார்கள், அமெரிக்காவில் அது ஏறத்தாழ 13 நாள். நம்மவர்கள் உடம்பு சீக்கிரம் தோற்றுப்போனது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது, பெரும்பாலும் வந்து சேர்ந்ததே தாமதம். ஏன் தாமதம் என்பதை நாலு தெருவில் விசாரித்தாலே தெரியும். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும், போனால் உடலைக்கூடக் கண்ணில் காட்டமாட்டார்கள் என்ற பயம் வேறு.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். பயன்படுத்தும் முறையில்தான் தவறு நடக்கிறது. மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலில், கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் மாட்ட வேண்டும். எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். 94-க்கு வந்தால் புறப்பட வேண்டும். 96 காட்டினாலும் ஆறு நிமிடம் நடந்தபின் மூன்று நான்கு புள்ளி இறங்கினால் அதுவும் எச்சரிக்கைதான். கருப்புத் தோலில் இந்தக் கருவி சற்றுக் கூட்டியே காட்டும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே போயிருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். வெயிலில் நின்று வேலை செய்யும் நம் மக்களிடம் "இன்னும் 91 இருக்கிறதே, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

புறப்பட்டபின் தூரம். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கல்லல், எஸ்.புதூர் பக்கத்துக் கிராமம் என்றால் முதல் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கே தனி நேரம். சிறிய பி வகை சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர், 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் ஐந்து மணி நேரம் வரும். மூச்சுத் திணறுபவருக்குப் பை வைத்த முகமூடியில் 15 லிட்டர் கொடுக்கும்போது 100 நிமிடம்தான். மதுரை எல்லையைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடும். மீட்டர் முள் பாதியில், 75-இல், நின்றால் வெறும் 50 நிமிடம். ஆகவே வண்டி கிளம்பும் முன் முள்ளைப் படித்து, பாரைப் பத்தால் பெருக்கி, நிமிட அளவால் வகுக்க வேண்டும். வந்த விடை பயண நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு இல்லையென்றால் இரண்டாவது சிலிண்டர் ஏற்றாமல் கிளம்பக் கூடாது. ரெகுலேட்டர் வாஷர் தேய்ந்திருந்தால் கசியும். ஈரப்பதக் குப்பியின் மூடி மறை பிசகி உட்கார்ந்தால் குமிழி வராது, வாயு வெளியே போகும், நோயாளிக்குப் போகாது. சிலிண்டர் சாவி காணாமல் போவதும் உண்டு. கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டிய ஒரு சாவிதான் அது.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், நன்கொடையாக வந்த கான்சென்ட்ரேட்டர் கருவிகள் ஓட்டாமலே அறையில் கிடந்தால், அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்யும் ஜியோலைட் மணிகள் ஈரம் குடித்துப் பாழாகும். மாதம் ஒரு முறையாவது ஓட்டி, வெளிவரும் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

மருந்திலும் இதே கதை. 2020 ஜூனிலேயே இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு காட்டிவிட்டது: சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும் ஆக்சிஜனில் இருந்தவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. நம் பக்கம் நடந்தது தலைகீழ். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சர்க்கரை எகிறியது, சிலருக்குக் கறுப்புப் பூஞ்சை வந்தது. பல நாட்டு ஆய்வில் உயிரைக் காப்பதாகத் தெரியாத ரெம்டெசிவிருக்கோ நகையை அடகு வைத்து அலைந்தார்கள். ஏழைக் குடும்பத்தின் கையிருப்பு தீர்ந்தது தப்பான மருந்தில்.

பணம் இருந்தும் தப்பாதவர்களும் உண்டு. பிள்ளைகள் கடல் கடந்து இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆச்சிகளின் நிலை அது. போன் இருக்கும், பணம் இருக்கும், விரலில் கருவியை மாட்டிவிட ஆள் இருக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல் தம்பதி முதலில் காய்ச்சலில் விழுந்தால் ஆச்சிக்குச் சோறும் இல்லை. அந்த வேலையாட்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்காமல் ஆச்சியைக் காப்பாற்ற முடியாது.

இப்போது எண்ணுவதற்கு வருவோம். வீட்டில் நடந்த மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது படிவம் 2 நிரப்பப்படுகிறது. அதன் ஒரு பகுதி சட்டப் பதிவுக்கு, இன்னொரு பகுதி புள்ளிவிவரத்துக்கு. அந்தப் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவரின் தொழில் என்ன, இறப்பதற்கு முன் என்ன வகை மருத்துவ உதவி கிடைத்தது, மரணக் காரணத்தை மருத்துவர் சான்றளித்தாரா, புகையிலைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. சமத்துவமின்மையை அளக்க வேண்டிய கேள்விகள் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. நிரப்பும் இடத்தில்தான் 'கூலி' என்றோ கோடு போட்டோ முடித்துவிடுகிறார்கள். காரணத்தில் 'மாரடைப்பு', 'வயது மூப்பு'. 2020-இல் நாடு முழுவதும் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை நூற்றுக்கு 22, 23 மட்டுமே. அந்தப் பகுதி மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் உள்ளூர்க்காரர் கண்ணில் அது மறுபடி படுவதே இல்லை.

இதன் விலை உடனே தெரிந்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நடந்த மரணம் என்பது அடிப்படை. பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் இறந்தவரின் குடும்பம் எதைக் காட்டும்? மாவட்டக் குழுவிடம் முறையிட வழி இருந்தது, வழி இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். தொற்றுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் அதே மாதங்களின் சராசரி மரணத்தை எடுத்து, தொற்று மாதங்களின் மரணத்திலிருந்து கழித்தால் கிடைப்பது கூடுதல் மரணம். தெருவாரியாகச் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். 2,000 பேர் உள்ள வார்டில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 7 பேர் என்றால் 14 மரணம், மாதத்துக்குச் சுமார் ஒன்றுதான். ஒன்று மூன்றானாலும் அது தற்செயலாக இருக்கலாம். ஆகவே ஒரே மாதிரி வீடுகள் உள்ள தெருக்களை ஒன்றாகத் தொகுத்து, மூன்று மாதக் கணக்காகப் பார்க்க வேண்டும். வயதையும் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஏமாந்துபோவோம். மும்பையில் 2020 ஜூலையில் குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற பகுதிகளில் 16 சதவீதம் பேருக்கும் தொற்று வந்துபோயிருந்தது. குடிசைகளில் இளையவர்கள் அதிகம் என்பதால் தொற்று வந்தவர்களில் இறந்தவர் விகிதம் அங்கே குறைவாகத் தெரிந்தது. ஐம்பது வயதுக்காரரை ஐம்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டால்தான் உண்மை வரும். படிவத்தில் சாதி கேட்பதில்லை. ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் நம் பக்கத்தில் தெருப் பெயரே அதில் பாதியைச் சொல்லிவிடும், தொழில் மீதியைச் சொல்லும்.

காரைக்குடி மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி, சுற்றியுள்ள பேரூராட்சிகளின் பதிவாளர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் புள்ளிவிவரப் பகுதியின் ஒரு நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் அனுப்ப மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் போதும், புதுச் சட்டம் தேவையில்லை. பதிவு செய்ய வருகிற வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு வராதீர்கள். 'அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், 22 ஆண்டு' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பொது சுகாதாரப் பணியில் உள்ளோர் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.